தாயார் பிறந்த கோத்திரம்

அடையாறிலிருந்து வந்த தொலைபேசிப் பேச்சு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"ப்யூரோலேர்ந்து காகிதம் வந்துடுத்து சங்கரன் சார். பொருத்தம் இல்லைன்னு போட்டிருக்கா. எங்களுக்கும் வருத்தம்தான். மனசுல வெச்சுக்காதேள்" என்றார் கல்யாணராமன். அவர் மகன் சுஹாஸுக்குத்தான் என் பேத்தி அனன்யாவைப் பேசியிருந்தோம்.

"என்ன காரணம்னு போட்டிருக்கா?"

"காரணம் ஒண்ணும் போடலை. இல்லைன்னு மட்டும்தான்."

அவர் வைத்த பிறகும் நான் சிறிது நேரம் தொலைபேசியைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டு ஜோசியர்களும் ஜாதகம் பார்த்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. கல்யாணராமன் குடும்பத்தோடு பெண் பார்க்க வந்து சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். கோத்திரம், பிரவரம், தாய்வழி எல்லாவற்றையும் கணினியில் பார்த்து தியாகராய நகர்த் திருமணத் தகவல் மையம் கொடுக்கும் காகிதம் ஒன்றுதான் பாக்கி. அது வெறும் சடங்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அங்கே போய் இல்லை என்று வருகிறது என்றால், அதுவும் காரணம் சொல்லாமல் வருகிறது என்றால், யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள்.

அனன்யாவிடம் சொன்னேன். அவள் வேளச்சேரி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையை மாட்டியபடியே நின்றாள். அவள் அப்பா, என் மகன் ரகு, இறந்து ஆறு வருடமாகிறது. அதில் ஐந்து வருடம் எந்த வரனைச் சொன்னாலும் வேண்டாம் என்றவள், இந்த ஜனவரியில்தான் முதல் முறையாகச் சரி என்று சொல்லியிருந்தாள்.

"சுஹாஸ்ட்ட நான் பேசிக்கறேன் தாத்தா" என்றாள்.

"இது நீ பேசற விஷயம் இல்லை. நம்ம ஆத்துப் பேர் இதுல இருக்கு."

மேஜை மேல் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மறுநாள் காலை மைலாப்பூர் வடக்கு மாட வீதியில் காய் வாங்கப் போனபோது, தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தினமும் சிரிப்பவர்கள்தான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு ஒரு விநாடி அதிகம் நின்றதாகப் பட்டது. கறிவேப்பிலையை வாங்காமல் வந்துவிட்டேன். வேட்டியை மாற்றிக்கொண்டு, கோப்பை எடுத்துக்கொண்டு தியாகராய நகருக்குப் போனேன்.

தகவல் மையம் பனகல் பூங்காவுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. நடத்துபவர் நீரஜா. அறுபது வயதிருக்கும். சுவரில் அவர் கணவரின் படம் மாலையோடு தொங்கியது. பெஞ்சில் ஒரு தம்பதி தங்கள் மகளின் கோப்போடு காத்திருந்தார்கள். மூலையில் கணினி முன்னால் முக்காடு போட்ட இளம்பெண் ஒருத்தி.

"எங்காத்தைப் பத்தி யார் உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று நின்றுகொண்டே கேட்டேன்.

"உக்காருங்கோ சார். யாரும் ஒண்ணும் சொல்லலை. மெஷின் சொன்னதுதான்."

"மெஷினுக்குன்னு தனியா ஒரு புத்தி இருக்கா? யாரோ சொல்லிக் குடுத்ததைத்தானே சொல்லும்."

மூலையிலிருந்த பெண் திரும்பினாள். "அது கரெக்ட் சார்" என்றாள்.

"நீ யாரும்மா?"

"இஃப்ரா. இந்த ப்ரோகிராமைப் பார்த்துக்கறது நான்தான்."

நான் நீரஜாவைப் பார்த்தேன். என் பார்வையை அவர் புரிந்துகொண்டார் போலும். "எங்காத்துக்காரர் இருந்தபோது எழுதி வெச்ச ரூல்தான் சார் எல்லாம். இவ வந்து மூணு வருஷம் ஆறது. இவ வந்தப்புறம்தான் எங்களுக்கு மூச்சு விட முடியறது" என்றார்.

"கோத்திரம் பிரவரமெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். தெரியாம எழுத முடியாதே. எங்க அம்மா கிண்டல் பண்ணுவாங்க, இனிமே திருவல்லிக்கேணில கல்யாணத்துக்கு வாத்தியார் கிடைக்கலைன்னா உன்னைத்தான் கூப்பிடுவாங்கன்னு."

பெஞ்சில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறந்தவர் எழுதிய விதி, இருப்பவள் ஓட்டும் எந்திரம். இரண்டு பேர் கைபட்ட பத்திரத்தில் எந்தக் கை எதைத் திருத்தியது என்று கண்டுபிடிப்பதுதான் நீதிமன்றத்தில் எங்கள் பெரிய தலைவலியாக இருக்கும். நான் சிட்டி சிவில் கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன்.

"இது எப்படி வேலை செய்யறதுன்னு எனக்குச் சொல்லு. ஒண்ணு விடாம" என்றேன்.

அவள் ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"ரெண்டு கம்ப்யூட்டர் மொழியில ரெண்டு அடுக்கு சார். மேல இருக்கறது பைத்தான். அது நான் எழுதினது. உள்ள இருக்கறது ப்ரோலாக். அது மேடம் வீட்டு சார் எழுதின ரூல். நீங்க ஃபாரத்துல எழுதிக் குடுத்ததை எல்லாம் பைத்தான் வாங்கிக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வரி உண்மையா மாத்தி உள்ள அனுப்பும். இன்னார் மகள் இன்னார், இவங்க கோத்திரம் இது, அப்படின்னு. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்கும். இந்தப் பொண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் கல்யாணம் ஆகலாமா?"

"ஆகலாம் ஆகக்கூடாதுன்னு அது முடிவு பண்றதாக்கும்."

"முடிவு பண்ணாது சார். நிரூபிக்கப் பார்க்கும். ஒவ்வொரு ரூலா எடுத்து, கையில இருக்கற உண்மைகளை வெச்சு, ஆகலாம்னு நிரூபிக்க முடியுதான்னு பார்க்கும். ஒரு வழியில முடியலைன்னா திரும்பி வந்து இன்னொரு வழி பார்க்கும். முடிஞ்சா, எப்படி நிரூபிச்சேன்ங்கறதோட பதில் வரும்."

"முடியலைன்னா?"

"ஒண்ணும் வராது. வெறுங்கையோட திரும்பி வரும்."

"வெறுங்கையோட வந்தா, நீ என்ன பண்ணுவே?"

அவள் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இந்த எடம் சார். பதில் காலியா வந்தா பொருத்தம் இல்லைன்னு அடிச்சிடும்."

முப்பத்து நான்கு வருடம் நான் மூச்சாக வைத்திருந்த விஷயத்தில் இந்தப் பெண் கைவைத்திருந்தாள். "அம்மா, சாட்சியச் சட்டத்துல மூணு இருக்கு. நிரூபணம் ஆனது ஒண்ணு. பொய்யின்னு நிரூபணம் ஆனது ஒண்ணு. ரெண்டும் இல்லாம, நிரூபணம் ஆகலைங்கறது ஒண்ணு. சாட்சி வரலைங்கறதுக்காகக் கேஸ் பொய்யின்னு எந்த ஜட்ஜாவது எழுதுவாரா? நீ மூணாவதை ரெண்டாவதா மாத்தி என் வீட்டுக்கு அனுப்பியிருக்கே."

இஃப்ரா விரலைத் திரையிலிருந்து எடுத்தாள். பிறகு, "நீங்க சொல்றது சரி சார். அது என் தப்பு. உள்ள இருந்து வந்தது முடியலைங்கறது. அதை இல்லைன்னு மொழிபெயர்த்தது நான்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக் குற்றத்தை உடனே ஒத்துக்கொள்கிற சாட்சி பெரிய ஒன்றைப் பின்னால் வைத்திருப்பான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"சரி. என்ன நிரூபணம் ஆகலை? அதைக் காட்டு."

நீரஜா எழுந்து வந்தார். "சார், இவாளை அனுப்பிட்டு நாம தனியா பார்க்கலாமே." பெஞ்சில் இருந்த தம்பதியைக் கண்ணால் காட்டினார்.

தனியாக என்றதும் என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. "எல்லார் எதிர்லயும் பார்க்கலாம். மறைக்க எங்காத்துல ஒண்ணும் கெடையாது" என்றேன்.

இஃப்ரா அந்தக் கேள்வியை மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை உள்ளே நடப்பதெல்லாம் வரி வரியாகத் திரையில் வந்தது. அவள் விரலை வைத்துப் படித்தாள்.

"பொண்ணு ஸ்ரீவத்ஸம். பையன் காசியபம். ரெண்டும் வேற. இது சரி. பிரவரத்துல பொது ரிஷி இருக்காரா, இல்லை. இதுவும் சரி. அடுத்தது பையன் வீட்டுல தனியா கேட்ட ரூல். பொண்ணோட அம்மா பிறந்த கோத்திரம் பையனோட கோத்திரமா இருக்கக்கூடாது. சில வீட்டுல பார்ப்பாங்க. பொண்ணோட அம்மா ஆஷா. ஆஷா பிறந்த கோத்திரம்..."

விரல் நின்றது.

"இங்க நின்னுடுச்சு சார். ஆஷா பிறந்த கோத்திரம் என்னன்னு கேட்டிருக்கு. யாரும் சொல்லலை. திரும்பிப் போயிருக்கு. வேற வழியும் இல்லை. வெறுங்கையோட வந்துடுச்சு."

நீரஜா அலமாரியிலிருந்து என் படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் என் கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. தாயார் பிறந்த வீடு என்ற பகுதியில் மட்டும் பெயர், ஊர், கோத்திரம் என்ற மூன்று கட்டங்களிலும் சேர்த்து ஒரே கோடு. அளவுகோல் வைத்துப் போட்டது.

"இது நீங்க எழுதினதுதானே சார்?" என்றாள் இஃப்ரா. கேலி இல்லாமல்தான் கேட்டாள். பெஞ்சில் இருந்த அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரகு இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஆஷாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்றவள். நான் அவளை வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவளும் தபால் இலாகா வேலையோடு, ரகுவின் அம்மா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடம் என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் யார் வீட்டுப் பெண் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால், தபால் ஆபீஸில் இருக்கிறாள் என்பேன். அதற்கு மேல் அவரவர் நினைத்துக்கொண்டது அவரவர் பாடு. நான் பொய் சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை ஜானுவைக் கூப்பிட்டேன். மந்தைவெளியில் இருப்பவள். விஷயம் வெளியே போயிருந்தால் அவள் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

"நீ யார்ட்டயாவது வாயை விட்டியா?"

"நன்னாருக்கு. சொல்லணும்னா இருபத்தொம்பது வருஷம் காத்துண்டா இருப்பேன்?" என்றாள். பிறகு முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா? காசியபம்னு எழுதிடு அண்ணா. தெரியாதவாளுக்கெல்லாம் காசியபம்தானே. கோயில்லயே அப்படித்தான் சொல்லிக்கறா."

"மாப்பிள்ளையே காசியபம்."

"ஐயையோ. அப்போ பாரத்வாஜம்."

"கறிகாய்க் கடையா இது, கத்திரிக்கா இல்லேன்னா வெண்டைக்கான்னு எடுக்க?"

"யாருண்ணா போய்ப் பார்க்கப் போறா? மெஷின்தானே."

அவள் சொன்னதில் ஒன்று உண்மை. நான் எதை எழுதினாலும் அந்த இயந்திரம் நம்பும். பைத்தான் அதை ஒரு வரி உண்மையாக மாற்றி உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பது அதை வைத்து அழகாக நிரூபித்துக் கொடுக்கும். குறுக்கு விசாரணை கிடையாது. புதுப் படிவம் ஒன்று கோப்பில் இருந்தது. பேனாவைத் திறந்து, அந்தக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தேன். ஆயிரக்கணக்கான பேருக்குக் கூண்டில் நின்று சத்தியப் பிரமாணம் செய்துவைத்திருக்கிறேன். அந்த வாசகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

ஆஷா ஆறு மணிக்கு வந்தாள். காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

"கொஞ்சம் உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. அப்படி நான் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"உங்கப்பா வழியில கோத்திரம்னு ஏதாவது சொல்லுவாளா?"

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். "எதுக்குக் கேக்கறீங்க மாமா? கல்யாணத்தை நடத்தறதுக்கா, நிறுத்தறதுக்கா?"

"நடத்தறதுக்கு."

"இல்ல, கேட்டுக்கறேன். இத்தனை வருஷம் கேக்காததை இன்னிக்குக் கேட்டா பயமா இருக்கு."

தகவல் மையத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். கோட்டையும் காட்டினேன். அவள் படிவத்தை வாங்கி அந்த மூன்று கட்டங்களைப் பார்த்தாள்.

"அளவுகோல் வெச்சுப் போட்டிருக்கீங்க."

"ஆமாம்."

"அனன்யா ரெண்டு நாளா ப்யூரோக்காரங்களைத் திட்டிட்டிருக்கா." படிவத்தை மேஜையில் வைத்தாள். "அவரு மாசம் ஒரு தடவை எங்கப்பாவைப் பார்க்கப் போவாரு. உங்களுக்குத் தெரியுமா?"

ரகுவைச் சொன்னாள். எனக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தாமதமாக வருவான். அவன் செருப்பில் மணல் இருக்கும். கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி.

"தெரியாது" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். "கோயில்ல அர்ச்சனைக்குக் கேட்டா நைனா சிவகோத்திரம்னு சொல்லும். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். அதை எழுதினா பார்க்கறவங்களுக்கெல்லாம் புரிஞ்சிடும் மாமா. நாங்க யாருன்னு."

"புரியட்டும்."

"அப்புறம் மாட வீதில நீங்கதான் நடக்கணும்."

"நடந்துக்கறேன்."

"எனக்காகன்னா வேணாம். எனக்குப் பழகிடுச்சு."

அவளுக்காக என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "காகிதம் சரியா இருக்கணும்" என்றேன்.

அவள் சிரித்தமாதிரி இருந்தது. புதுப் படிவத்தை இழுத்து, என் பேனாவை எடுத்து அந்த மூன்று கட்டங்களையும் அவளே நிரப்பினாள். தபால் ஆபீஸ் கையெழுத்து. தந்தை பெயர் பக்கிரி. ஊர் நொச்சிக்குப்பம். கோத்திரம் சிவகோத்திரம். தொழிலுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் மீன்பிடி என்று எழுதி, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அதன் கீழே கோடு போட்டாள். மற்ற கட்டங்களை நான் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அதை இஃப்ராவிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டச்சு செய்து கேள்வியை ஓடவிட்டாள். தடை இல்லை என்று வந்தது. அதன் கீழே நிரூபணம், ஏழு வரி. ஐந்தாவது வரியில் பக்கிரி, நொச்சிக்குப்பம், சிவகோத்திரம் என்று இருந்தது.

"நீங்க நேத்து சொன்னதுக்கப்புறம் மூணாவது பதில் ஒண்ணு சேர்த்துட்டேன் சார். நிரூபணம் ஆகலை, இந்தத் தகவல் வேணும்னு இப்போ தனியா சொல்லும்" என்றாள். "பழசெல்லாம் எடுத்துப் பார்த்தேன். நாப்பத்தோரு குடும்பத்துக்கு இல்லைன்னு தப்பாப் போயிருக்கு. காலையிலேர்ந்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிட்டிருக்கேன். திட்டுதான்."

"நாப்பத்தோரு பேரும் கோடு போட்டிருந்தாளா?"

"சில பேர் கோடு. சில பேர் சும்மா விட்டிருந்தாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், தப்பா நினைக்காதீங்க. தடை இல்லைங்கறது மட்டும் ப்ரிண்ட்ல வர்ற மாதிரி பண்ணலாம். நிரூபணத்தை பைத்தான்லயே நிறுத்திடலாம். ஒரு வரிதான்."

"யார் சொல்லச் சொன்னா இதை?"

"யாரும் சொல்லலை. கேக்கறவங்க இருக்காங்க. அதான் சொன்னேன்."

முதல் நாளாக இருந்தால் அந்த ஒரு வரியைப் போடச் சொல்லியிருப்பேன். "காரணம் இல்லாத தீர்ப்பு எனக்கு வேண்டாம்மா. முழுசா அடிச்சுக் குடு" என்றேன்.

மாலை நான்கு மணிக்கு ஆஷாவையும் அழைத்துக்கொண்டு அடையாறு காந்தி நகரில் கல்யாணராமன் வீட்டுக்குப் போனேன். அவள் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள்.

கல்யாணராமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழு வரியையும் படித்தார். ஐந்தாவது வரியில் நின்றார். ஆஷாவைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"மொத தடவை ஏன் எழுதலை?" என்றார்.

"கூச்சமா இருந்தது" என்றேன். ஆஷா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

"இப்போ?"

"இப்போ இல்லை."

அவர் காகிதத்தை நான்காக மடித்து மேஜைமேல் வைத்தார். "ரூல்படி தடை இல்லைன்னு வந்துடுத்து. எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஒண்ணே ஒண்ணு. கல்யாணப் பத்திரிகையில அம்மா பக்கத்துப் பேர்லாம் வேண்டாம். பிள்ளை வழிப் பேத்தி, உங்க பௌத்திரின்னு போட்டா போறும். பொண்ணு வழிப் பேத்தி, இன்னார் தௌஹித்திரிங்கற வரியே வேண்டாம். உங்க குடும்பத்துக்கும் அதுதானே கௌரவம்."

போன வாரம் நானே இந்த வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். அவர் சொன்னது நியாயமாகவும், மரியாதையாகவும், எனக்கு வசதியாகவும் இருந்தது. சரி என்று தலையாட்டினால் அனன்யாவின் கல்யாணம் அந்த நிமிடமே நிச்சயமாகிவிடும். ஆஷாவின் கைகள் மடியில் அசையாமல் இருந்தன. அவள் எதிர்பார்த்ததும் இதைத்தான் என்று தோன்றியது. அது எனக்குச் சுருக்கென்றது.

"எங்காத்துக் கௌரவத்தை நான் பார்த்துக்கறேன். அந்த வரி இருக்கணும்" என்றேன்.

"அப்படின்னா யோசிக்கணும்."

"யோசியுங்கோ. ஆனா இல்லைன்னு முடிவு பண்ணினா என்ன காரணம்னு எழுதிக் குடுங்கோ. வெறும் இல்லையை இனிமே நான் வாங்கிக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. டப்பாவை எடுத்துக்கொள்ளாமல் போன பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

சமையலறையிலிருந்து கல்யாணராமனின் மனைவி ஸ்ரீரஞ்சனி காபித் தட்டோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது.

"இதுல என்ன யோசிக்க இருக்கு? அனன்யாவோட அம்மா யார் ஆத்துப் பொண்ணுன்னு சுஹாஸ் எங்கிட்ட மார்ச் மாசமே சொல்லிட்டான்" என்றார்.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அவர் மனைவியைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. வேறு என்னென்ன தனக்குத் தெரியாமல் நடக்கிறது என்று கணக்குப் போடுகிற பார்வை. இரண்டு நாளாக நான் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் வந்தப்புறம் பேசிக்கலாம்" என்றார், குரல் இறங்கி.

"அவன் வந்தா இதையேதான் சொல்லுவான். காபி ஆறிடும், குடியுங்கோ." ஸ்ரீரஞ்சனி தொலைபேசிப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஆஷாவின் அருகில் உட்கார்ந்தார். "பத்திரிகைக்கு எழுதிக்கறேன். உங்கப்பா பேர் சொல்லும்மா."

ஆஷா கணவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பக்கிரி" என்றாள்.

"அவர் இருக்காரா? இருந்தா ஸ்ரீ போடணும்." பெரியவன் என்ற முறையில் ஸ்ரீரஞ்சனி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இறந்துபோனார் என்று யாரும் வந்து சொன்னதில்லை. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

"இருக்காரு மாமி. எண்பத்தொண்ணு ஆகுது" என்றாள் ஆஷா.

ஸ்ரீரஞ்சனி எழுதிக்கொண்டார். கல்யாணராமன் தடுக்கவில்லை. காபியை எடுத்து, சர்க்கரை போதவில்லை என்றார்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். ஆஷா மூன்று முறை அழைத்தும் அனன்யாவின் எண் பேச்சில் இருந்தது. சுஹாஸுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது போலும்.

"எங்க சார், மைலாப்பூரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நொச்சிக்குப்பம்" என்றேன்.

ஆஷா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "எதுக்கு மாமா?"

"பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி அவர்ட்ட கேக்கணும். என் பேர் பக்கத்துல அவர் பேரைப் போட அவருக்குச் சம்மதமான்னு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்னும் முழுதாக நம்பவில்லை. நம்பச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.

"இந்நேரம் வலை தைச்சுக்கினு இருக்கும். சட்டைகூடப் போட்டிருக்காது" என்றாள். அந்தக் குப்பத்துப் பேச்சு அவள் வாயிலிருந்து என் காதில் விழுந்தது அன்றுதான் முதல் முறை. "நாற்காலிலாம் கிடையாது. தரையிலதான் உக்காரணும்."

"உக்காந்துக்கறேன்."

"உங்க முட்டி?"

"நீ கையைக் குடு. எழுந்துக்கறேன்."

அவள் போனில் வேறொரு எண்ணை அழுத்தினாள். "நைனா, வீட்டுல தானே கீறே? சட்டையைப் போட்டுக்கோ" என்றாள்.